கடலோர வீடுகளின் துருவும் விரிசலும்: வாசகர் கேள்வி – பொறியாளர் பதில்

மழைக்காலம் முடிந்து சுவர்கள் உலரத் தொடங்கும் நாட்களில்தான் வீட்டின் குறைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே பதிலுடன் தரப்படுகின்றன.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் 1996-இல் கட்டிய எங்கள் வீட்டில், முன்கூடத்திலும் சமையலறையிலும் மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. கோழிவலை அடித்து, சிமென்ட்டில் கெமிக்கல் கலந்து பூசிவிட்டால் இன்னும் இருபது வருடம் தாங்கும் என்கிறார் மேஸ்திரி. தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் உறவினர் ஒருவர். ஐயா, யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கடலூர்

பதில்: இருவருமே தளத்தைச் சோதிக்காமல் சொல்கிறார்கள் என்பதால் இப்போதைக்கு யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஆனால் மேஸ்திரியின் யோசனையை இப்போதே தள்ளிவிடலாம். விழுந்தது வெறும் பூச்சு அன்று. உள்ளே கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடித்து, கீழேயுள்ள கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. வலை அடித்து ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசினால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 50 கிலோ கூடுதல் பாரம் அந்தத் தளத்தில் தொங்கும். துருவோ பூச்சுக்குப் பின்னால் தன் வேலையைத் தொடரும். அடுத்த முறை விழும்போது வலையோடு சேர்ந்து மொத்தமாக விழும்.

முதலில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, சிறிய சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கம் முழுவதையும் ஓரடிக்கு ஓரடி தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்து நிற்கிறது. அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால், கண்ணுக்குத் தெரிந்த சேதம் எவ்வளவு, தெரியாத சேதம் எவ்வளவு என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். வட்டமிட்ட பரப்பு மொத்தத் தளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பழுது பார்ப்பதைவிட அந்த அறையின் தளத்தை மாற்றிவிடுவதே பெரும்பாலும் செலவுக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றது என்பது என் கருத்து.

அடுத்து, துரு ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து அதைப் பொறுத்தது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல் இருக்கும், அந்தக் காரமே கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைப்பது ஒரு வழி. உப்புக் காற்றிலோ, கட்டும்போது பயன்படுத்திய உவர்நீரிலோ, சரியாகக் கழுவாத மணலிலோ இருந்த குளோரைடு கம்பியைத் தாக்குவது இன்னொரு வழி. முதல் வழியை அறிய, புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தூசியை ஊதிவிட்டுப் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாமல் நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரைக்கும் வந்துவிட்டதா என்பதே கேள்வி. ஆனால் இந்தச் சோதனை உப்பைக் காட்டாது. அதற்கு வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்க வேண்டும். புதிதாகப் போடும் கம்பிக் கான்கிரீட்டுக்கு, ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு என்பதே கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதித்திருக்கும் உச்ச வரம்பு. பழைய கான்கிரீட்டில் கம்பியின் ஆழத்தில் அந்த அளவைத் தாண்டியிருந்தால் கவலைப்பட வேண்டும்.

உங்கள் வீட்டில் இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். அந்தக் காலத்தில் தளக் கம்பிக்குக் கீழே 15 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், விடுவதே வழக்கம். கவர் பிளாக் வைக்காமல், கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஜல்லித் துண்டைச் செருகிய வீடுகளில் அதுவும் இருக்காது. இன்றைய ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, 45 மி.மீ. கவரும் எம்30 தரமும் (சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலிமை) கேட்கிறது.

பழுது பார்க்கலாம் என்று முடிவானால், உடைக்கும் முன் அடியில் முட்டுக் கொடுப்பது கட்டாயம். பிறகு பொத்தென்று ஒலித்த கான்கிரீட்டை மட்டுமல்லாமல், கம்பியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு, அதாவது கம்பிக்கு மேலேயும் 20 முதல் 25 மி.மீ. வரை, உடைத்தெடுக்க வேண்டும். கம்பியின் கீழ்ப்பாதியை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசும் வேலைதான் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி கொட்டுகிறது. துரு இல்லாத கம்பி தெரியும் வரை நீளவாக்கில் உடைத்துக்கொண்டே போக வேண்டும். ஓரங்களை மெலிந்து முடியவிடாமல், கட்டர் கொண்டு குறைந்தது 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்ட வேண்டும்.

கம்பியைச் சுத்தம் செய்தபின் வெர்னியர் காலிப்பர் கொண்டு விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால், ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவில் பார்த்தால் 23 விழுக்காடு போய்விட்டது. அந்த நிலையில் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு விட்டத்தைப்போல் 50 மடங்கு நீளம் ஒட்டிக் கட்ட வேண்டும். 8 மி.மீ. கம்பிக்கு அது 40 செ.மீ. ஆகும். கம்பியிலிருக்கும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்ததும் துத்தநாகம் கலந்த பிரைமர் பூசி, பழைய கான்கிரீட்டை நனைத்து, ஈரம் மினுமினுக்காத நிலையில் பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையை அழுத்தி அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இருந்தால் சென்ட்ரிங் அடித்து, பொடி ஜல்லி கலந்து தானே பாயும் மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவதே முறை. சிமென்ட் பாலைத் தடவிவிட்டுச் சாதாரணக் கலவையால் அடைக்கும் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு செய்தாலும், உப்பு காரணமாக இருந்தால் ஒரு சிக்கல் மிஞ்சும். பழுது பார்த்த இடத்துக்குள் கம்பி பாதுகாப்பாகிவிட, அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டிலுள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகப் புது வெடிப்பு வருவதற்கு மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை. அது மின்வேதி விளைவு. ஒட்டின் விளிம்பில் கம்பியோடு சிறிய துத்தநாகக் கட்டிகளைக் கட்டிவிட்டால், கம்பிக்குப் பதிலாக அவை கரையும். இத்தனைக்கும் முன்னால் மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் வழியை அடைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தளம் ஈரமாக இருக்கும்வரை மேற்சொன்ன எதுவும் நிற்காது.

கேள்வி: எங்கள் வீட்டு மேல்மாடியில், கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக ஒரு விரிசல் சுற்றிலும் ஓடுகிறது. இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது. வீடு இறங்குகிறதா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இறங்கவில்லை. வெயிலில் தளம் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். சுவர் அந்த அளவுக்குச் சூடாவதில்லை என்பதால் இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விழுகிறது. நாள்தோறும் அசையும் விரிசலைப் பட்டியாலோ சிமென்ட்டாலோ அடைக்க முடியாது. அந்த இடத்தில் சிறு பள்ளம் வெட்டி, நெகிழும் சீலன்ட் நிரப்பி, மாடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ கூல் டைலோ போடுங்கள். ஜன்னல் மூலைகளிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக இறங்கும் விரிசல் கீழ்த்தளத்திலும் இருந்தால் அது வேறு கதை. அப்போது தனியாக எழுதுங்கள்.

கேள்வி: தமிழர் பகுதியில் தாத்தா காலத்து வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரையில் இரண்டு கட்டைகள் தொய்ந்திருக்கின்றன, சுவர்ப் பூச்சு மழைதோறும் உதிர்கிறது. கூரையை முழுவதும் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டு, சுவர்களுக்குச் சிமென்ட் பூச்சு கொடுத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். பழமையைக் காப்பாற்ற ஆசைதான், ஆனால் தலையில் விழுந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. பின்னர் அது பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டப்பட்டது. ஆனால் உங்கள் கடிதத்திலிருந்து தெரிவது, மொத்தக் கூரையின் தோல்வி அன்று, இரண்டு கட்டைகளின் தோல்வி.

மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வரிசையில் சுண்ணாம்பு கொண்டு கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையை அடித்து இறுக்கி, ஓடு பதித்திருப்பார்கள். நல்ல தேக்கு நடுவில் சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவது சுவருக்குள் செருகியிருக்கும் முனை. மழைநீர்க் குழாய் ஒழுகும் சுவரிலும் மாடிக் கைப்பிடிச் சுவரின் அடியிலும் ஈரம் தங்கி, காற்றுப்படாத அந்த முனை உளுத்துவிடும். கூரான திருப்புளியைக் கட்டையின் முனையருகே அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் முனை போய்விட்டது. நடுப்பகுதியில் இறங்காமல் நின்றால் கட்டையைக் காப்பாற்றலாம். கெட்ட முனையை அறுத்துவிட்டு, இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் போல்ட் போட்டு நீட்டலாம், அல்லது சுவரோரமாக ஒரு எஃகுச் சேனலைக் கொடுத்து முனைகள் அனைத்தையும் அதன்மேல் தாங்கவிடலாம். வேலை முடியும்வரை, தொய்ந்த கட்டைகளுக்கு அடியில் இன்றே முட்டுக் கொடுங்கள். முட்டின் கால் தரையில் பலகைமேல் நிற்கட்டும்.

ஒப்பந்ததாரரின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் கூரையை ஒரே நேரத்தில் பிரிப்பது. அந்தக் கனமான கூரைதான் உங்கள் உயரமான சுவர்களைத் தலைப்பில் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதை மொத்தமாக எடுத்துவிட்டு ஒரு மழைக்கு விட்டால் சுவர் வெளிப்பக்கம் சாயக்கூடும். மாற்றியே ஆக வேண்டிய அறை இருந்தால், அறை அறையாக, சுவருக்கு இருபுறமும் சாய்முட்டுக் கொடுத்து, தை பிறந்தபின் தொடங்க வேண்டும்.

சிமென்ட் பூச்சைப் பொறுத்தவரை என் பதில் ஒரே சொல்லில்: வேண்டாம். பழைய செங்கலும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுவரின் முகம் வழியாக வெளியே விடுகின்றன. சிமென்ட் அந்த வழியை மூடிவிடும். ஈரம் இன்னும் உயரே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலையே பொடியாக்கும். உதிரும் பூச்சை நன்றாகச் சுரண்டி, செங்கல் மூட்டுகளைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பி, சுண்ணாம்பிலேயே பூசி, வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். பழமையான கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்கே புதுப்பித்த வீடுகளைப் போய்ப் பார்த்தால், யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் தூண்களைச் சோதித்த நிறுவனம், ஹேமர் டெஸ்ட்டில் 28 வந்திருக்கிறது, எனவே எம்20 கான்கிரீட் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருக்கிறது. அதே அறிக்கையில் அல்ட்ராசானிக் வேகம் பல இடங்களில் 2.8 என்றும் இருக்கிறது. சங்கத்தில் இரண்டு கட்சியாகிவிட்டோம்.
– அடுக்ககச் சங்கச் செயலாளர், அரியாங்குப்பம்

பதில்: இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஹேமர் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே அறிந்து சொல்கிறது. பழைய கான்கிரீட்டின் மேற்புறம் கரியமில வாயுவால் இறுகியிருக்கும் என்பதால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மற்றபடியும் 25 விழுக்காடு ஏற்ற இறக்கம் அந்தக் கருவிக்கு இயல்பு. அல்ட்ராசானிக் அலையோ தூணுக்குள் புகுந்து வருகிறது. நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் என்றால் நன்று, 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம், 3.0-க்குக் கீழே சந்தேகத்துக்குரியது என்பது இந்தியத் தரநிலை நீண்டகாலமாகச் சொல்லி வந்த வகைப்பாடு. ஆகவே மேற்புறம் இறுகி, உள்ளே வெடிப்போ தேன்கூடு போன்ற பொந்தோ இருக்க வாய்ப்புண்டு.

இனிச் செய்ய வேண்டியது கோர் எடுப்பது, அதாவது தூணில் துளையிட்டு உருளை வடிவக் கான்கிரீட் துண்டை எடுத்து வலிமை பார்ப்பது. 2.8 வந்த தூண்களில், கம்பி எங்கே இருக்கிறது என்று லொகேட்டர் கொண்டு குறித்தபின், குறைந்தது மூன்று கோர்கள் எடுக்க வேண்டும். கம்பியை அறுத்துக்கொண்டு எடுக்கும் கோர் தூணுக்கும் கேடு, முடிவுக்கும் கேடு. ஐ.எஸ். 456-இன்படி கோர்களின் சராசரி, அந்தத் தரத்துக்குரிய கியூப் வலிமையில் (வார்த்த கனசதுரத்தை நசுக்கி அளக்கும் வலிமை) 85 விழுக்காடாவது இருக்க வேண்டும், எந்த ஒரு கோரும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. எம்20 என்றால் சராசரி 17, தனிக்கோர் 15. துருவின் நிலையை அறிய, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். தாமிர சல்பேட் மின்வாயில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக வந்தால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண்டு. கோர் எடுத்த துளையைச் சுருங்காத கலவையால் அன்றே அடைக்கச் சொல்ல மறக்க வேண்டாம். சில இடங்களில் அந்தத் துளையில் மாதக்கணக்கில் குருவி கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 2004-இல் கட்டிய தரைத்தள வீட்டின்மேல் மகன் திருமணத்துக்குள் மாடி எழுப்ப வேண்டும். தூண்கள் 9 அங்குலத்துக்கு 9 அங்குலம். வரைபடம் இல்லை. ஆனால் பின்னால் மாடி கட்டுவதற்கென்று அப்போதே தூண்களின் மேலே கம்பி விட்டிருக்கிறார்கள். போதும்தானே?
– வாசகர், வில்லியனூர்

பதில்: மேலே கம்பி விட்டிருப்பது, மாடி கட்டும் எண்ணம் இருந்தது என்பதற்குச் சாட்சி. அடித்தளம் அதற்கேற்பப் போடப்பட்டது என்பதற்குச் சாட்சியன்று. இருபது ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற அந்தக் கம்பி, தளத்தைத் தொடும் அடிப்பகுதியில்தான் மிக மெலிந்திருக்கும். அங்கே சுரண்டி அளந்து பாருங்கள். துரு தூணுக்குள்ளும் இறங்கியிருந்தால், நல்ல கம்பி வரும்வரை தூணின் தலைப்பை உடைத்து அங்கிருந்து இணைக்க வேண்டும்.

சுவர், தளம், புழங்கும் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்குக் குறையாமல் பாரம் வரும். 12 சதுர மீட்டரைத் தாங்கும் நடுத்தூணுக்கு 12 டன்னுக்கு மேல் கூடுகிறது. தூண் ஒருவேளை தாங்கினாலும், பெரும்பாலும் முதலில் கேள்விக்குள்ளாவது அடித்தளமே. இரண்டு தூண்களின் அருகே குழி தோண்டி, ஃபுட்டிங்கின் நீள அகலமும் ஆழமும் அளந்து, மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். எல்லாத் தூண்களின் அடியையும் ஒரே நாளில் தோண்டிவிடாதீர்கள். தூண் போதவில்லை என்றால் சுற்றிலும் 100 மி.மீ. கனத்துக்குக் கம்பிக் கூட்டுடன் ஜாக்கெட் கொடுக்கலாம். அது ஃபுட்டிங்கிலிருந்தே தொடங்க வேண்டும், தரைமட்டத்தில் தொடங்கும் ஜாக்கெட் வெறும் அலங்காரம்.

கணக்கு இடம் கொடுக்காவிட்டால், எஃகுச் சட்டத்தில் இலேசான கூரை போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பாரம் குறையும் என்பது உண்மை. ஆனால் புதுச்சேரிக்கு நொடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்றுவேகம் தரநிலையில் குறிக்கப்பட்டிருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது எத்தனை ஷீட் கூரைகள் பறந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூரைக்குக் கீழே விழும் பாரத்தைவிட, மேலே பிய்த்தெடுக்கும் காற்றுக்கான நங்கூர போல்ட்டுகளே முக்கியம்.

கேள்வி: மாடியில் பழைய தட்டோடு விரிசல் விட்டு ஒழுகுகிறது. அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு சுருக்கித் தளமும் டைலும் போடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போட வேண்டாம். நான்கு அங்குலச் சுருக்கிக் காரை (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்தது) சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோ. ஆட்கள் ஏறும் மாடிக்குக் கணக்கிடப்படும் புழங்கு பாரமோ 150 கிலோதான். இன்னொரு தளம் போட்டால், யாரும் ஏறாமலேயே அந்த ஒதுக்கீட்டுக்கு மேல் பாரம் ஏற்றிவிடுகிறீர்கள். பழைய தட்டோடுகளையும் காரையையும் கடப்பாறையால் அன்றி உளியால் எடுத்து, இடிபாட்டை ஒரே மூலையில் குவிக்காமல் அன்றன்றைக்கு இறக்கி, கான்கிரீட் முகத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுங்கள். பிறகு புதுச் சரிவு, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வீதம், தண்ணீர் குழாயை நோக்கிப் போகட்டும். டைல் ஒட்டும் முன், குழாயை அடைத்து மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் தெரியவில்லை என்று உறுதியானபின் கொத்தனாருக்கு மீதிக் கூலியைக் கொடுங்கள்.